பச்சைத் தண்ணீர்

காலை எட்டு மணிக்கு எடை போடத் தொடங்குவேன். மேசை நடுவில் தராசு, இடப்பக்கம் அந்த வாரம் வந்து சேர்ந்த வடிகட்டிகள், வலப்பக்கம் ஒரு ஈரத்துணி. முதலில் காய்ந்த எடை, பிறகு நனைந்த எடை. கம்பெனிக்காரர்கள் பெட்டியின் மேல் அச்சடிப்பது எப்போதும் காய்ந்த எடைதான். மலையில் எந்த வடிகட்டியும் காய்ந்து கிடப்பதில்லை. இதை வெளிப்படையாக எழுதியதால்தான் எனக்கு 'உள்மலை' இதழில் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்த முதல் ஆளும் நான்தான்.

சித்திரை முதல் ஆவணி வரை சமவெளி கொதிக்கிறது. வசதியுள்ளவர்கள் பத்துப் பன்னிரண்டு நாள் உள்மலைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கடை இல்லை, குழாய் இல்லை, ஓடை மட்டும்தான். ஓடையில் இழைநுண்ணி என்ற காய்ச்சல் கிருமி இருக்கிறது. ஒன்பது வருடம் முன்பு அது இறங்கிவந்து மூன்று மாவட்டத்தைப் படுக்க வைத்த பிறகு சட்டம் போட்டார்கள். மலைக்குள் வடிகட்டாத தண்ணீர் குடிப்பது குற்றம். குடித்தவர் காய்ச்சலைச் சுமந்துகொண்டு ஊருக்குள் இறங்குவார் என்பது வாதம். வாதத்தில் தப்பில்லை. அதனால் மலையேறும் ஒவ்வொருவரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எந்த வடிகட்டி இலேசானது?

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் என் பிழைப்பு. எடை, ஓட்டம், ஆயுள், கழுவும் சிரமம் என்று அட்டவணையில் நான்கு கட்டங்கள். போன வருடம் நான் முதலிடம் கொடுத்தது 'தும்பி'க்கு. கட்டைவிரல் பருமனில் ஒரு முனை, அவ்வளவுதான். மென்பையில் ஓடைத்தண்ணீரை மொண்டு, முனையைத் திருகிப் பையைப் பிழிந்தால், உள்ளிருக்கும் துளையிழைகள் வழியாகச் சுத்தமான தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். நாற்பத்தொரு கிராம். மற்றதெல்லாம் எழுபதுக்கு மேல்.

எங்கிருந்து குறைத்தார்கள் என்றால், ஓட்டமானியிலிருந்து. பழைய வடிகட்டிகளில் எவ்வளவு தண்ணீர் போனது என்று அளக்க ஒரு குட்டிச் சக்கரமும் மின்கலமும் இருக்கும். தும்பியில் அவற்றைப் பிடுங்கிவிட்டு நுனியில் உதட்டுணரியை ஒட்டினார்கள். உதடு பட்டால் ஒரு மடக்கு என்று அது எண்ணிக்கொள்ளும். ஆயிரம் லிட்டருக்கான மடக்குகள் முடிந்ததும் பச்சை விளக்கு சிவப்பாகும். சிவப்பானால் தூக்கிப் போட வேண்டும். முப்பத்தாறு கிராம் மிச்சம். நான் மூன்று வாரம் அதில் குடித்துப் பார்த்தேன், ஒரு மடக்கு பிசகவில்லை. 'நாற்பத்தொரு கிராமில் ஒரு நிம்மதி' என்று தலைப்பு வைத்தேன். அந்தத் தலைப்பை இன்று நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

புரட்டாசியில் ஒரு நாள், இப்படி எடை போட்டுக்கொண்டிருந்தபோது, வருசநாட்டு மலைவாசலிலிருந்து அழைப்பு வந்தது. "காமுத்தாய்ங்கிறவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"தங்கச்சி."

"ஒதுக்கறையில இருக்காங்க. இழைக்காய்ச்சல். பச்சைநீர் குடிச்சதா அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

காமுத்தாய் அக்கா பதினாறு வயதிலிருந்து சுமை தூக்குகிறாள். இப்போது அந்த வேலைக்குத் 'தடத்துணையாளர்' என்று பெயர். பெயர் மாறியதால் கூடாரமும் அரிசியும் அடுப்பும் இலேசாகிவிடவில்லை, இருபத்தெட்டுக் கிலோ அப்படியேதான் இருக்கிறது. அவள் தூக்கினாள், நான் படித்தேன். எங்கள் வீட்டுக் கதை இவ்வளவுதான். குற்றம் உறுதியானால் அவளுடைய மலைச்சீட்டு நிரந்தரமாகப் போய்விடும். இரண்டு வருடம் ஒதுக்குக் குடியிருப்பில் அடைபட வேண்டும். அங்கே போனவர்களை யாரும் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டதில்லை.

ஒதுக்கறையில் நடுவே ஒரு கண்ணாடி. அக்கா பாதியாகியிருந்தாள். இடது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"வந்துட்டியா பட்டதாரி? அங்கிட்டே நில்லு, ஒட்டிக்கிரும்."

"அவங்ககிட்ட என்னக்கா சொல்லித் தொலைச்ச?"

"என்ன குடிச்சன்னு கேட்டாக. பச்சத்தண்ணிதான் குடிச்சேன்னு சொன்னேன். பின்ன மலையில சாராயமா விக்குது? போன மாசம் ஒருத்தன் குடிச்சுட்டு சுமையப் பள்ளத்துல உருட்டிவிட்டுட்டான். அதத்தான் கேக்குறாகன்னு நெனச்சேன்."

சட்டத்தின் முதல் வரியே 'பச்சைநீர் என்பது வடிகட்டப்படாத நீர்' என்றுதான் தொடங்குகிறது. அதை எழுதியவர்கள் எந்த வீட்டில் தண்ணீர் குடித்து வளர்ந்தார்களோ. எங்கள் வீட்டில் காப்பி இல்லை, மோர் இல்லை, வெறும் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் அதற்குப் பெயர் பச்சைத்தண்ணீர். அந்த ஒரு சொல்லை வாக்குமூலமாக எழுதி, கீழே அக்காவின் ரேகையை வாங்கியிருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவளிடம் ரேகை.

"வடிகட்டித்தான குடிச்ச?"

"வடிகட்டாமயா குடிப்பேன்? எனக்கென்ன கிறுக்கா? தும்பிதான். நீ பத்திரிகையில போட்டியே, அதேதான். 'ஒந்தங்கச்சி எழுதுனதும்மா'ன்னு டூர்க்காரன் கொண்டாந்து குடுத்தான். எம்புட்டுப் பெருமையா இருந்துச்சு தெரியுமா? எல்லார்கிட்டயும் காட்டுனேன்."

"விளக்கு?"

"பச்சைதான். அஞ்சு மாசமாப் பச்சை. நடுவுல பிழியவே முடியாமக் கெட்டிச்சுப் போச்சு. அப்புறம் பாரு, ஒரு நாள் தன்னால சரியாயி லேசா ஊத்த ஆரம்பிச்சுருச்சு."

அடைத்துக்கொண்ட வடிகட்டி தானாகச் சரியாகாது. உள்ளே இழைகள் அறுந்தால்தான் தண்ணீர் அப்படி இலேசாக வரும். அன்றிலிருந்து அது வடிகட்டியே இல்லை, வெறும் குழாய். அக்காவின் குழுவில் ஆறு பேர், ஆளுக்கு நாலு லிட்டர், ஒரு நாளைக்கு இருபத்துநாலு லிட்டர். ஆயிரம் லிட்டர் ஆறு வாரத்தில் முடிந்திருக்கும். அஞ்சு மாசம் பச்சை எப்படி எரியும்?

"அக்கா, வாயில வச்சுத்தான குடிச்சீங்க?"

அவள் என்னைப் பார்த்த பார்வை கண்ணாடியைத் தாண்டி வந்தது. "ஆறு பேருக்கு ஒன்னுடி. ஒருத்தி வாய் வச்சா அடுத்தவ குடிப்பாளா? அதுவும் போக, வர்றவுக தும்பியையும் நாங்கதான் பிழிஞ்சு ரொப்பிக் குடுக்கணும். மொத நாளே சொல்லிருவாக, 'வாய் மட்டும் வச்சிராதீங்கம்மா'ன்னு. கை படலாமாம், சுமை நம்ம முதுகுல படலாமாம், வாய் படக் கூடாதாம். பதினாறு வயசுலருந்து இதக் கேட்டுக் கேட்டு, நமக்கும் அதே பழக்கம். அண்ணாந்துதான் குடிப்போம். ஏன், நீ எப்பிடிக் குடிப்ப?"

விடுதியில் முதல் மாதம் நான் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து குடித்தபோது, "குடிக்கிறியா, குளிக்கிறியா?" என்று பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். மறுநாளிலிருந்து வாய் வைத்துக் குடிக்கப் பழகிக்கொண்டேன். அந்த வாயால்தான் தும்பியைச் சோதித்தேன். ஒரு மடக்கு பிசகாமல் எண்ணியது. அக்காவின் வாய் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

விசாரணை மலைவாசல் அலுவலகத்திலேயே நடந்தது. முற்பகல் பதினொரு மணி. ஆணையத்தின் மூன்று உறுப்பினர்கள், நடுவில் தலைவர் குலசேகரன். எதிரே தும்பிக் கம்பெனியின் ஆள் நிஷாந்த், சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு. பதிவுகளை வாசிக்க வாசல் பொறுப்பாளர் தமீம். மலையெல்லைக்குள் என்பதால் மேசையில் ஆளுக்கொரு பாட்டில், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு தும்பி. எல்லாம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. உறவினர் என்ற முறையில் நான் அக்காவுக்குத் துணைநபர். அக்கா கண்ணாடிக்குப் பின்னால்.

நிஷாந்த் எழுந்து பேசியது மூன்று நிமிடம்கூட இருக்காது. "இவங்க குழுவுக்குக் கொடுத்த தும்பியைத் திறந்து பார்த்தோம். எண்ணிக்கை பூஜ்யம். அஞ்சு மாசத்துல ஒரு மடக்குகூட இல்லை. அதாவது, கருவியை இவங்க பயன்படுத்தவே இல்லை. ஓடையில நேரடியாக் குடிச்சிருக்காங்க. வாக்குமூலமும் அதைத்தான் சொல்லுது. எங்க கருவியில குறை இல்லை."

"உள்ளே இழை அறுந்திருக்கே, அதைப் பார்த்தீங்களா?" என்றேன்.

"முரட்டுத்தனமாக் கையாண்டா அறும்."

"பயன்படுத்தவே இல்லைன்னீங்க. பயன்படுத்தாததை எப்படி முரட்டுத்தனமாக் கையாள முடியும்?"

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இந்தாம்மா, பத்திரிகைக்காரங்கன்னா வாதம் நல்லா வரும், தெரியும். ஆனா எண்ணிக்கைன்னு ஒண்ணு இருக்கு. அது பொய் சொல்லாது. அந்தம்மா வாயாலயே பச்சைநீர்னு சொல்லியிருக்காங்க. இதுக்கு மேல என்ன?"

"நாங்க வாய் வைக்காமக் குடிக்கிறவங்க சார். வாய் வச்சாத்தான் அது எண்ணும்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

ஆதாரம். அஞ்சு மாதம் அண்ணாந்து குடித்ததற்கு யார் ரசீது கொடுப்பார்கள்? மற்ற ஐந்து பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து, சொல்லாமல் மறைத்து, கஷாயம் குடித்துத் தேறியிருந்தார்கள். வாயைத் திறந்தால் அவர்களுக்கும் ஒதுக்கறைதான். ஒருவரும் வரவில்லை. ஆத்திரத்தில் சத்தம் போட்டிருப்பேன், வெளியே தள்ளியிருப்பார்கள், அக்காவுக்கு இரண்டு வருடம் எழுதியிருப்பார்கள். அதற்குள் தலைவர் கையைக் காட்டினார்.

"இரும்மா. காலையிலேர்ந்து பேசிப் பேசித் தொண்டை காஞ்சுபோச்சு. ஒரு மடக்குப் பச்சத்தண்ணி குடிச்சுக்கிறேன்."

பாட்டிலைத் தூக்கினார். தலையைப் பின்னால் சாய்த்தார். ஒரு சாண் உயரத்திலிருந்து பிழிந்தார். தண்ணீர் கோடு மாதிரி இறங்கியது. குரல்வளை ஏறி இறங்கியது. ஒரு சொட்டு மீசையில் படவில்லை. பழகிய கை.

கண்ணாடிக்குப் பின்னால் அக்கா சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

"தமீம் அண்ணே," என்றேன், "சார் இப்ப சொன்னதை அப்படியே பதிவு பண்ணிக்கங்க. என்ன குடிச்சதாச் சொன்னாரு?"

தமீம் குறித்துக்கொண்டார். "பச்ச... பச்சத்தண்ணின்னு சொன்னாரு."

"அடுத்து, அந்தப் பாட்டிலோட எண்ணிக்கையை வாசிங்க."

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் தலைவர்.

"எண்ணிக்கை பொய் சொல்லாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? இந்தப் பாட்டில் எத்தனை நாளா உங்ககிட்ட இருக்கு?"

"முகாம் தொடங்குனதுலருந்து எல்லார்கிட்டயும் இருக்கு, பதினொரு நாள்," என்றார் அவருக்கு வலப்பக்கம் இருந்த உறுப்பினர் அமிர்தவல்லி. கேட்காமலே தன் பாட்டிலையும் தமீம் பக்கம் தள்ளினார். "என்னோடதையும் வாசிங்க. எனக்கே தெரியணும்."

தமீம் ஒவ்வொன்றாக வாசிப்பானில் வைத்தார். தலைவர், பூஜ்யம். அமிர்தவல்லி, பூஜ்யம். மூன்றாவது உறுப்பினர், இரண்டு. "அது துடைக்கும்போது பட்டிருக்கும்," என்று அவர் முணுமுணுத்தார். தமீமுடையதும் பூஜ்யம். கடைசியாக நிஷாந்தின் பாட்டில். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"பதினொரு நாளா இந்த அறையில ஒருத்தர்தான் தண்ணி குடிச்சிருக்காரு," என்றேன். "கம்பெனிக்காரர். மத்தவங்க எல்லாரும் ஓடையில போய்க் குடிச்சிட்டு வந்திருக்கீங்க. என் அக்காவுக்கு ரெண்டு வருசம்னா உங்களுக்கு எவ்வளவு சார்?"

அந்தப் பூஜ்யங்கள் திரையில் அப்படியே நின்றன. அமிர்தவல்லி தன் பாட்டிலைப் பார்த்தார். பச்சை எரிந்தது. மெல்ல அதைத் தள்ளி வைத்தார். உள்ளே எவ்வளவு ஓடியிருக்கிறது, இழை இருக்கிறதா, அறுந்துவிட்டதா, அவருக்குத் தெரியாது. ஐந்து மாதம் அக்காவுக்கும் தெரியாமல்தான் இருந்தது.

"இதை முதலிடத்துல போட்டு எழுதுனது நான்தான்," என்றேன். "வாய் வச்சுச் சோதிச்சேன். தப்பு என் மேலயும் இருக்கு. அதையும் பதிவு பண்ணிக்கங்க." தமீம் பதிவு செய்தார். அதை மட்டும் ஒருவரும் தடுக்கவில்லை.

எட்டு நாள் கழித்து ஆணை வந்தது. அக்கா குற்றமற்றவள், சீட்டு திரும்பக் கிடைக்கும். படித்துவிட்டு ஒரு நொடி துள்ளினேன். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

நிகழ்ந்தது கருவிக் குறை அல்ல, 'பயன்பாட்டுப் பழக்கப் பிழை'. பயணிகள் விரும்பினால் கம்பெனி தன் செலவில் பழைய ஓட்டமானியை அவர்களுடைய தும்பிகளில் பொருத்தித் தரும். ஆணைய உறுப்பினர்களுக்கு அது உடனடியாகப் பொருத்தப்படும். தடத்துணையாளர்களுக்கு ஓட்டமானி கிடையாது, ஏனென்றால் அது சுமையைக் கூட்டும். 'அவர்களது நலன் கருதி' என்று எழுதியிருந்தார்கள். இருபத்தெட்டுக் கிலோ தூக்குகிறவளுக்கு முப்பத்தாறு கிராம் கூடிவிடக் கூடாதாம். அதற்குப் பதிலாக அவர்களுக்கு ஆளுக்கொரு தும்பி, முனையில் பழுப்பு வளையமும் எண்ணிக்கை காட்டும் சிறு திரையும் போட்டது. அதில் கட்டாயம் வாய் வைத்தே குடிக்க வேண்டும். வாய் வைப்பதால், அதைப் பயணிகளின் கருவிகளோடு கலக்கக் கூடாது, தனிப்பையில் தனியாகத் தொங்கவிட வேண்டும்.

ஆணையை வரிவரியாகப் படித்தேன். எங்கும் ஒரு தப்பான சொல் இல்லை. எல்லாம் சுகாதாரம்.

சாருகேஷ் என் இதழாசிரியர், கெட்டவர் இல்லை. புது வருட வழிகாட்டியில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்து அனுப்பினேன்: 'சுமப்பவர் இதில் எப்படிக் குடிப்பார்?' அவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "பவுன்ராணி, கோபம் புரியுது. ஆனா நம்ம வாசகர் கேக்குறது எடை. இந்தக் கட்டம் அவங்களுக்கு எதுக்கும்மா?" என்றார். கட்டத்தை வெட்டினார். வழிகாட்டியிலிருந்து என் பெயரையும் வெட்டிவிடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சித்திரை பிறந்ததும் அக்காவின் முதல் பயணம். இடது கை இன்னும் நடுங்கியதால் முதல் ஓடை வரை துணைக்குப் போனேன். பயணிகள் நாலு பேர் முன்னால் போய்விட்டார்கள். வழியெல்லாம் அக்கா தன் 'உதட்டுப் பயிற்சி'யைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். கம்பெனி அனுப்பிய ஒரு பெண், அறுபது சுமைக்காரர்களை வரிசையில் உட்கார வைத்து, உதட்டைக் குவிக்கக் கற்றுக் கொடுத்தாளாம். "நல்லா உறிங்க, நல்லா உறிங்கன்னா. எங்காத்தா செத்து இருவது வருசமாச்சுடீ, இப்பப் போயி பால் குடிக்கச் சொல்லிக் குடுக்குறாளேன்னு சிரிப்பாணியாப் போச்சு."

ஓடையில் சுமையை இறக்கினாள். தனிப்பையிலிருந்து பழுப்பு வளையத்தை எடுத்தாள். பையில் தண்ணீரை மொண்டு, முனையைத் திருகி, சொல்லிக்கொடுத்தபடி உதட்டில் வைத்துப் பிழிந்தாள். முனையின் ஓரத்தில் எண் விழுந்தது: 1.

"இந்தா, எழுதிக்கடி," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "காமுத்தாயி இன்னைக்குத்தான் தண்ணி குடிச்சா. நாப்பது வருசமாக் குடிச்சதெல்லாம் என்னன்னு ஒங்க சட்டத்தக் கேட்டுச் சொல்லு."

முன்னால் போனவர்களில் ஒருவன் பாட்டிலோடு திரும்பி வந்தான். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், முகத்தில் பணிவு வழிந்தது. "அக்கா, தண்ணி பிடிச்சுத் தர்றீங்களா?" என்றவன், அவள் கையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான். "இது... நீங்க வாய் வச்சது இல்லையே?"

"இல்ல தம்பி. ஒங்களோடது அந்தப் பையில இருக்கு. வளையம் இல்லாதது." அக்கா தன்னுடையதைப் பாறை மேல் வைத்துவிட்டு எழுந்து, அவனுடையதை எடுத்து, பிழிந்து, நிரப்பத் தொடங்கினாள்.

அவன் பார்க்கப் பார்க்க, பாறை மேல் கிடந்த பழுப்பு வளையத்தை எடுத்தேன். துடைக்கவில்லை. அக்காவின் வாய் பட்ட இடத்திலேயே என் வாயை வைத்தேன். இழுத்து இழுத்து, மூச்சு முட்டும் வரை குடித்தேன். அவன் முகம் போன போக்கை அக்காவும் பார்த்தாள்.

"ஏய், போதும்டி. எண்ணிக்கை எம்பேருல ஏறுது."

"ஏறட்டும்க்கா," என்றேன். "உன் பேருல நிறைய ஏற வேண்டியிருக்கு."